வேலூர் பக்கத்துலேர்ந்து மெஷின் லேர்னிங் ஆராய்ச்சிக்குப் போறது எப்படி? பி.எஸ்சி.லேர்ந்து பேராசிரியர் வேலை வரைக்கும் முழு வழிகாட்டி

போன மாசம் குடியாத்தத்துலேர்ந்து ஒரு பொண்ணு, பி.எஸ்சி. பிசிக்ஸ் மூணாவது வருஷம், எங்கிட்ட கேட்டுச்சு: "சார், எங்க காலேஜ்ல ஜிபியு-வே (ஏஐ மாடலைப் பழக்கற வேகமான சிப்) கிடையாது, நான் எப்படி சார் ஏஐ-ல ரிசர்ச் பண்றது?" இதே கேள்விய ராணிப்பேட்டை, ஆம்பூர், திருப்பத்தூர் பசங்கன்னு வருஷம் முழுக்க யாராவது ஒருத்தர் கேட்டுட்டே இருக்காங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நானும் இந்த ஊர்க்காரன்தான். வேலூர்ல பி.எஸ்சி. முடிச்சு, நிலத்தடி நீர் டேட்டாவுல மெஷின் லேர்னிங் (டேட்டாவப் பார்த்து கம்ப்யூட்டரே கணிக்கக் கத்துக்கற முறை) வெச்சு பிஎச்டி பண்ணி, இப்ப பாடமும் நடத்துறேன் ஆராய்ச்சியும் பண்றேன்.

அந்தப் பொண்ணுக்கு நான் சொன்னது இதுதான்: ஜிபியு வாடகைக்குக் கிடைக்கும்மா, கூகுள் கோலாப்ல, காகிள்ல ஓசியிலயே கொஞ்சம் கிடைக்கும். காசு குடுத்தாலும் கிடைக்காதது ஒண்ணு இருக்கு, டேட்டா எங்க பொறக்குதோ அந்த இடத்துல போய் நின்னு அது எப்படி அளக்கப்பட்டுதுன்னு பார்த்த அனுபவம். அது நம்ம ஊர்ல நடந்து போற தூரத்துல இருக்கு.

முதல்ல எந்த ரோடுன்னு முடிவு பண்ணுங்க

இந்தத் துறையில ரெண்டு ரோடு இருக்கு. ஒண்ணு, முறையையே ஆராய்ச்சி பண்றது, அதாவது புது அல்காரிதம், அது ஏன் வேலை செய்யுதுன்னு நிரூபிக்கற கணக்கு, 2017-ல வந்த டிரான்ஸ்ஃபார்மர் (சாட்ஜிபிடி மாதிரி மாடலுங்களுக்கு அடிப்படை) மாதிரி புது அமைப்பு. இன்னொண்ணு, அந்த முறைய எடுத்துட்டுப் போய் ஒரு அறிவியல் கேள்விக்குப் பதில் தேடறது: புரதம், வானிலை, நட்சத்திரம், எக்ஸ்ரே, மண்ணு, தண்ணி. 2024-ல ரெண்டுக்குமே நோபல் வந்துச்சு. இயற்பியல் பரிசு ஜான் ஹாப்ஃபீல்டுக்கும் ஜெஃப்ரி ஹின்டனுக்கும், அது நியூரல் நெட்வொர்க்குக்கு (மூளை நரம்பு வலையைப் பார்த்து உருவாக்கின கம்ப்யூட்டர் மாடல்) அடித்தளம் போட்டதுக்காக. வேதியியல் பரிசுல பாதி டேவிட் பேக்கருக்கு, மீதி பாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ரெண்டு பேருக்கும், புரதத்தோட வடிவத்தைக் கணிச்ச ஆல்ஃபாஃபோல்டுன்ற ஏஐ மாடலுக்காக.

ஆல்ஃபாஃபோல்டுன்னதும் எல்லாரும் கூகுளோட கம்ப்யூட்டர் பலத்தைத்தான் பேசறாங்க. ஆனா அது படிச்ச பாடப்புத்தகம் எங்கேர்ந்து வந்துச்சு? 1971-ல ஆரம்பிச்ச புரோட்டீன் டேட்டா பேங்க்லேர்ந்து. உலகம் முழுக்க ஆராய்ச்சியாளருங்க ஒவ்வொரு புரதமா படிகமாக்கி, எக்ஸ்ரே அடிச்சு, வருஷக்கணக்கா மெனக்கெட்டு வடிவம் கண்டுபிடிச்சு அதுல போட்டு வெச்சாங்க. 1994-லேர்ந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை காஸ்ப்னு ஒரு போட்டியும் நடத்தினாங்க, விடை வெளிவராத புரதத்தைக் குடுத்துக் கணிக்கச் சொல்லுவாங்க, அதனால யாரும் விடைய முன்னாடியே பார்த்துட்டு வர முடியாது. நல்ல டேட்டா, ஏமாத்த முடியாத பரீட்சை, ரெண்டும் தயாரா இருந்ததாலதான் 2020-ல ஆல்ஃபாஃபோல்டு ஜெயிச்சப்ப ஒருத்தராலயும் மறுக்க முடியல.

முதல் ரோட்டுல போறவங்களுக்கு கணக்கு ரொம்ப ஆழமா வேணும், போட்டியும் பெரிய கம்பெனிங்களோட. ரெண்டாவது ரோட்டுல நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு நிஜமாவே வாய்ப்பு அதிகம்னு நான் முழுசா நம்பறேன், இங்க நான் எழுதறது பெரும்பாலும் அதுக்குத்தான்.

படி 1: ஒரு அறிவியலைப் புடிங்க

"ஏஐ பண்ணணும்"னு சொல்லாதீங்க. "எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் வேணும்"னு சொல்லிப் பழகுங்க. பழைய வட ஆற்காடு எல்லைக்குள்ளேயே எவ்ளோ இருக்குன்னு பாருங்க. ஆலங்காயத்துலேர்ந்து மேல ஏறினா ஜவ்வாது மலையில காவலூர், அங்க வைணு பாப்பு வானாய்வகம், 2.34 மீட்டர் தொலைநோக்கி, நடத்தறது பெங்களூர்ல இருக்கற இந்திய வானியற்பியல் நிறுவனம். 1977-ல யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கு காவலூர்லயும் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கறதைப் பார்த்துட்டுத்தான் இருந்தாங்க. வானவியல் படத்துல மெஷின் லேர்னிங் பண்ணணும்னா முதல்ல அந்த கேமரா எப்படிப் படம் புடிக்குதுன்னு தெரியணும்: பயஸ் ஃபிரேம் (வெளிச்சமே படாம எடுக்கற படம்) எதுக்கு, சாயங்கால வானத்தைப் பார்த்து ஃபிளாட் ஃபிரேம் (சீரான வெளிச்சத்துல எடுக்கற படம்) ஏன் எடுக்கறாங்க, காஸ்மிக் கதிர் விழுந்தா எப்படி ஒரு புள்ளி திடீர்னு பளிச்சுன்னு வெள்ளையாகுது. இது தெரியாதவன் அந்தப் புள்ளிய புது நட்சத்திரம்னு சொல்லிடுவான்.

அப்புறம் 1900-ல ஐடா ஸ்கடர் ஆரம்பிச்ச வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி. மருத்துவத்துல ஆர்வம் இருந்தா எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாம நோயாளி டேட்டாவ விரலால கூடத் தொடக் கூடாதுன்றதைத்தான் முதல் பாடமா எடுத்துக்கோங்க. அப்புறம் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த பாலாறு, 1996-ல சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய் தீர்ப்பு வாங்கின விஷயம், இன்னும் அந்தத் தண்ணியப் பத்தித் தெரியாதது நிறைய. மணிலா (வேர்க்கடலை), கரும்பு, மாந்தோப்பு, இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா, அதுல வர்ற நோய், இதெல்லாமும் ஆராய்ச்சிதான்.

படி 2: கணக்கும் கோடும் (கம்ப்யூட்டர் நிரல்)

இதைச் சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா இதுக்கு வழி நிறைய இருக்கு. லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு, புள்ளியியல், கால்குலஸ், இந்த வரிசையில முக்கியம். ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியருங்க நடத்தற என்பிடெல் பாடங்கள் எல்லாம் இலவசமாப் பார்க்கலாம், பரீட்சைக்கு மட்டும்தான் காசு. கோடு எழுத பைதான், நம்பை, சைகிட்-லேர்ன், பிறகு பைடார்ச், கூடவே கோடைப் பத்திரப்படுத்த கிட், பேப்பர் எழுத லேடெக். ஒரு வருஷம் தினம் ரெண்டு மணி நேரம் ஒழுங்கா உக்காந்தா போதும். சர்டிஃபிகேட்டை சேர்த்துட்டே போகாதீங்க, பிஎச்டி இன்டர்வியூவுல யாரும் அதை எண்ணிப் பார்க்க மாட்டாங்க, ஆனா "ஐகன்வேல்யூன்னா என்ன, ஒரு உதாரணம் சொல்லு"ன்னு கண்டிப்பா கேட்பாங்க.

ஒரே விஷயத்துக்கு ரெண்டு துறையில ரெண்டு பேரு இருக்கறதையும் கவனிங்க. அளந்த இடங்களை வெச்சு அளக்காத இடத்தைக் கணிக்கற முறைய ஜியாலஜிக்காரங்க கிரிகிங்னு சொல்றதும் மெஷின் லேர்னிங்காரங்க காஸியன் ப்ராசஸ்னு சொல்றதும் அடிப்படையில ஒரே கணக்கு. 1951-ல தென்னாப்பிரிக்க தங்கச் சுரங்கத்துல கிரிக்ன்னு ஒரு இன்ஜினியர் பண்ணதுலேர்ந்து வளர்ந்தது அது. இந்த ரெண்டு பாஷையும் பேசத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் இந்தத் துறையில மரியாதை.

படி 3: முதல் ப்ராஜெக்ட்டும், டேட்டா கசியறதும்

டேட்டா கசியறதுன்னா, கணிக்க வேண்டிய விடை ஏதோ ஒரு வழியில முன்னாடியே மாடலுக்குத் தெரிஞ்சுடறது. இங்க கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா என் ஆராய்ச்சி வாழ்க்கைய மாத்தினது இதுதான்.

பிஎச்டி முதல் வருஷம், வாணியம்பாடியிலேர்ந்து வாலாஜா வரைக்கும் பாலாத்தோரம் 40 போர் கிணறு, ஒவ்வொண்ணுலயும் பல தடவை தண்ணி புடிச்சு pH (அமில, கார அளவு), மின்கடத்துத்திறன், குளோரைடு, டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்போட மொத்த அளவு), குரோமியம்னு பெரிய அட்டவணை போட்டேன். மத்த அளவெல்லாம் குடுத்தா டிடிஎஸ்ஸக் கணிக்கற மாடல் ஒண்ணு. 80 சதவீதம் மாடல் படிக்கற டிரெயினிங்குக்கு, 20 சதவீதம் அதைச் சோதிக்கற டெஸ்ட்டுக்குன்னு கண்ண மூடிட்டு கலைச்சுப் பிரிச்சேன். ஆர் ஸ்கொயர் (1 வந்தா கணிப்பு முழுசா சரி) 0.98 வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி சந்தோஷத்துல தூக்கமே வரல, காலையில எழுந்ததும் பேப்பர் எழுதவே ஆரம்பிச்சுட்டேன்.

லேப்ல ஒரு டெக்னீஷியன் அக்கா இருந்தாங்க. அவங்ககிட்ட காமிச்சேன். ஒரு நிமிஷம் அட்டவணையப் பார்த்துட்டு, அலமாரியிலேர்ந்து அந்தக் கை மீட்டரை எடுத்தாங்க, ஒரு டம்ளர் தண்ணியில முக்கினாங்க. திரையில மின்கடத்துத்திறன் வந்துச்சு. ஒரு பட்டனை அழுத்தினாங்க, டிடிஎஸ் வந்துச்சு. "தம்பி, இது டிடிஎஸ்ஸ அளக்கலப்பா, கடத்துத்திறனை ஒரு எண்ணால பெருக்கிக் காட்டுது. நிஜ டிடிஎஸ் வேணும்னா தண்ணிய வடிகட்டி, வத்த வெச்சு, 180 டிகிரியில காய வெச்சு, மிச்சம் இருக்கற உப்பை எடை போடணும்"னாங்க. மீட்டர் போட்ட பெருக்கலை என் மாடல் திரும்பக் கண்டுபிடிச்சிருந்துச்சு, அவ்ளோதான்.

அதோட முடியல. அடுத்த தடவை தண்ணி புடிக்கப் போனப்ப வாலாஜா பக்கம் ஒரு பெரியவர், அவரு கிணத்துலதான் நான் வழக்கமா புடிப்பேன், என் நோட்டை எட்டிப் பார்த்துட்டுக் கேட்டாரு: "இன்னா தம்பி, மழைக்கு முன்ன புடிச்சதா பின்ன புடிச்சதான்னு எழுதிக்கினியா? ஐப்பசியில இந்தத் தண்ணி வேற, சித்திரையில வேற." நான் தேதி எழுதியிருந்தேன், ஆனா மாடலுக்கு அதைக் குடுக்கவே இல்ல. அப்பதான் இன்னொண்ணும் உறைச்சுது: அதே கிணத்துத் தண்ணி டிரெயினிங்லயும் இருக்கு, டெஸ்ட்லயும் இருக்கு. மாடல் கெமிஸ்ட்ரி எதுவும் கத்துக்கல, கிணத்தை அடையாளம் கண்டுபிடிச்சு பழைய அளவ ஒப்பிக்குது.

டிடிஎஸ்ஸ லேப்ல எடை போட்டு எடுத்தோம், கடத்துத்திறனைத் தூக்கினேன், ஒரு கிணறு முழுசா ஒரு பக்கம்தான் இருக்கணும்னு க்ரூப் கே-ஃபோல்டு வெச்சுப் பிரிச்சேன். 0.98 எறங்கி 0.41-ல நின்னுது. வயித்தைக் கலக்கிடுச்சு. ஆனா அந்த 0.41 நிஜம். அதுக்கப்புறம் கிணத்தோட ஆழம், பருவம், ஆத்துலேர்ந்து தூரம், மேல் பக்கம் டானரி (தோல் தொழிற்சாலை) இருக்கா இல்லயா, இதெல்லாம் ஒவ்வொண்ணா சேர்த்து அது ஏறினப்ப ஒவ்வொரு ஏத்தத்துக்கும் ஒரு காரணம் சொல்ல முடிஞ்சுது, அதுதான் என் ஆய்வேடு.

இது எனக்கு மட்டும் நடந்ததில்ல. 2018-ல அமெரிக்காவுல நெஞ்சு எக்ஸ்ரேவுல நிமோனியா கண்டுபிடிக்கற மாடலை சோதிச்சுப் பார்த்தாங்க, படிச்ச ஆஸ்பத்திரியில நல்லா வேலை செஞ்சது வெளி ஆஸ்பத்திரிப் படத்துல தடுமாறிச்சு. படம் எந்த ஆஸ்பத்திரியில எடுத்ததுன்றதை நெட்வொர்க்கால கிட்டத்தட்ட தப்பே இல்லாம சொல்ல முடிஞ்சுது, ஒரு ஆஸ்பத்திரியில நிமோனியா அதிகம்னா அந்த அடையாளமே விடையாயிடுது. 2023-ல கபூரும் நாராயணனும் எழுதின ஆய்வுல 17 துறைகள்ல 294 பேப்பர் இந்த மாதிரிக் கசிவால பாதிக்கப்பட்டிருக்குன்னு தொகுத்தாங்க.

அதனால முதல் ப்ராஜெக்ட்டுக்கு இந்த வரிசை: டேட்டாவ அளந்த ஆளைப் பாருங்க, கருவியக் கையில எடுங்க, அட்டவணையில ஒவ்வொரு அளவும் எப்படி வந்துச்சுன்னு நோட்டுல எழுதுங்க, அப்புறம் எதால பிரிக்கணும்னு முடிவு பண்ணுங்க (கிணறா, நோயாளியா, ராத்திரியா, ஆஸ்பத்திரியா), அப்புறம் சாதாரண லீனியர் ரெக்ரஷன் (நேர்கோட்டுக் கணிப்பு) போடுங்க, அதுக்கு மேல ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கற முறை), கடைசியா வேணும்னாதான் நியூரல் நெட்வொர்க். அட்டவணை டேட்டா சின்னதா இருந்தா பல நேரம் ரேண்டம் ஃபாரஸ்டே ஜெயிக்கும், அதுக்கு லேப்டாப் போதும்.

லேபிள், அதாவது ஒவ்வொரு டேட்டாவுக்கும் மனுஷங்க போடற விடை, அந்த விஷயத்துலயும் இதே கவனம் வேணும். சர்க்கரை நோயால விழித்திரை கெடறதைக் கண்டுபிடிக்க 2016-ல கூகுள் பண்ண ஆய்வுல அரவிந்த், சங்கர நேத்ராலயா கண் ஆஸ்பத்திரிப் படங்களும் இருந்துச்சு, மொத்தம் 1,28,175 படம், ஒவ்வொண்ணையும் 3-லேர்ந்து 7 தடவை வரைக்கும் கண் டாக்டருங்க பார்த்து தரம் போட்டாங்க. ஏன்னா ரெண்டு டாக்டருங்களே ஒரே படத்துக்கு வேற வேற சொல்லுவாங்க. உங்க லேபிளை எத்தனை பேரு பார்த்தாங்க?

படி 4: கோடை விடுமுறைய வீணாக்காதீங்க

மூணு அறிவியல் அகாடமிங்க சேர்ந்து நடத்தற கோடைகால ஆராய்ச்சி ஃபெலோஷிப் இருக்கு, ரெண்டு மாசம் ஒரு விஞ்ஞானிகிட்ட போய் வேலை செய்யலாம். விண்ணப்பம் முந்தின வருஷ கடைசியிலேயே முடிஞ்சிடும், இங்கதான் நம்ம பசங்க கோட்டை விடறாங்க, ஏப்ரல்ல வந்து கேட்கறாங்க. தரமணியில கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில சென்னை மேத்தமடிக்கல் இன்ஸ்டிடியூட், கிண்டி பக்கம் ஐஐடி, அந்தப் பக்கம் பெங்களூர்ல ஐஐஎஸ்சி, வானியற்பியல் நிறுவனம். காட்பாடி ஜங்ஷன்ல நின்னா ரெண்டு பக்கமும் ரயில் இருக்கு, சென்னைக்கு ரெண்டு மணி நேரம். இந்த இருப்பிடத்தோட அருமை நமக்குத் தெரியறதே இல்ல. பொதுமக்களுக்கான கருத்தரங்கு நடக்கும்போது காலையில போய் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்.

படி 5: பரீட்சைங்க

பி.எஸ்சி. முடிச்சு எம்.எஸ்சி.க்கு ஐஐடி, ஐஐஎஸ்சி போகணும்னா ஜாம்னு ஒரு நுழைவுத்தேர்வு, பிப்ரவரியில நடக்கும், விண்ணப்பம் முந்தின செப்டம்பர் வாக்குல. சென்னை மேத்தமடிக்கல் இன்ஸ்டிடியூட்டுல டேட்டா சயின்ஸ் எம்.எஸ்சி.க்கு தனி நுழைவுத்தேர்வு. இன்ஜினியரிங் பசங்களுக்கு கேட் தேர்வு, 2024-லேர்ந்து டேட்டா சயின்ஸ் அண்ட் ஏஐக்கே தனித்தாள் வந்துடுச்சு. இயற்பியல்காரங்களுக்கு ஜெஸ்ட்னு ஒரு நுழைவுத்தேர்வு. எம்.எஸ்சி. முடிக்கறவங்க நெட் தேர்வு வழியா வர்ற ஜெஆர்எஃப்-ஐ (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோஷிப்) விடவே விடாதீங்க: ஜெஆர்எஃப் கிடைச்சா மாசம் 37,000 ரூபாய், ரெண்டு வருஷம் கழிச்சு எஸ்ஆர்எஃப் (சீனியர் ஃபெலோ) ஆனா 42,000, வீட்டு வாடகைப் படி தனி, 2023 ஜனவரிலேர்ந்து இந்தத் தொகை. சொந்த ஃபெலோஷிப்போட வர்ற பிள்ளைக்கு கைடுங்ககிட்ட (பிஎச்டிய வழிநடத்தற பேராசிரியருங்க) கதவு சுலபமாத் திறக்கும்.

வீட்டுல இதை இப்படித்தான் பேசணும், குறிப்பா பொண்ணுங்க. "இன்னும் படிப்பா?"ன்னு கேட்கும்போது "இது படிப்பு மட்டும் இல்லப்பா, மாசம் உதவித்தொகை வர்ற வேலை"ன்னு ஆர்டர் காப்பியக் காமிங்க. எங்க அம்மா அந்த ஒரு தாளைப் பார்த்த பிறகுதான் சொந்தக்காரங்களுக்கு பதில் சொல்ல ஆரம்பிச்சாங்க.

படி 6: கைடு

கல்லூரி பேரைவிட கைடு முக்கியம், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. அவங்க பழைய மாணவருங்க இப்ப எங்க இருக்காங்க, எத்தனை வருஷத்துல முடிச்சாங்க (யுஜிசி விதிப்படி குறைஞ்சது 3, அதிகபட்சம் பொதுவா 6 வருஷம்), பேப்பர்ல மாணவர் பேரு முதல்ல வருதா, இதெல்லாம் விசாரிங்க. இப்ப படிக்கற மாணவர் ரெண்டு பேர்கிட்ட போன்ல பேசுங்க, மெயில்ல உண்மை வராது. மெஷின் லேர்னிங் பக்கம் ஒரு கைடு, அறிவியல் பக்கம் ஒரு இணை கைடு கிடைச்சா ரொம்ப நல்லது, ஆனா ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசறவங்களா இருக்கணும்.

மெயில் எழுதும்போது "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டட்"னு நூறு பேருக்கு ஒரே மெயில் அனுப்பாதீங்க. அவங்களோட ஒரு பேப்பரைப் படிச்சு, அதுல ஒரு படத்தை நீங்களே கோடு எழுதித் திரும்ப வரைஞ்சு பார்த்து, எங்க ஒத்துப்போச்சு எங்க போகலன்னு ஆறு வரியில எழுதுங்க. சில பேராவது பதில் போடுவாங்க.

படி 7: பிஎச்டி வருஷங்கள்

முதல் வருஷம் படிக்கறது, ரெண்டாவது வருஷம் தோக்கறது, மூணாவது வருஷம்தான் ஏதோ புடிபடும். இதை முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கிட்டா மனசு உடையாது. மெஷின் லேர்னிங் பக்கம் ஜர்னலைவிட மாநாட்டுப் பேப்பருக்கு மதிப்பு: நியூரிப்ஸ், ஐசிஎம்எல், ஐசிஎல்ஆர். அறிவியல் பக்கம் அந்தந்தத் துறை ஜர்னல்தான் பேசும், வானவியல்காரரு நியூரிப்ஸ் பேப்பரைப் படிக்க மாட்டாரு. அதனால முறைய ஒரு பக்கமும் அறிவியல் முடிவை இன்னொரு பக்கமும் போடப் பழகுங்க, ரெண்டையும் ஆர்க்கைவ்ல (யாரும் இலவசமாப் படிக்கற பேப்பர் தளம்) ஏத்துங்க, கம்ப்யூட்டர் கோடையும் டேட்டாவையும் முடிஞ்சவரைக்கும் திறந்து வைங்க. ஒரே மாடலை அஞ்சு வேற ரேண்டம் சீடுல (குலுக்கலைத் தொடங்கற எண்) ஓட்டி சராசரியும் ஏற்ற இறக்கமும் போடாம ஒரே எண்ணை எழுதாதீங்க.

காசு கட்டினா ஒரே வாரத்துல பப்ளிஷ் பண்றோம்னு வாட்ஸ்அப்ல வர்ற ஆளுங்களை உடனே பிளாக் பண்ணுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், நல்ல அறிவாளி, அப்படி நாலு பேப்பர் போட்டுட்டான், அப்புறம் ஒவ்வொரு இன்டர்வியூலயும் அந்த நாலைப் பத்தியே கேட்டாங்க, நல்லா பண்ணியிருந்த அஞ்சாவதைப் பத்தி யாரும் கேட்கல. அது எனக்கு இன்னைக்கும் வலிக்குது.

படி 8: அதுக்கப்புறம்

காலேஜ் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட் இல்லனா செட் (மாநில அளவுத் தகுதித் தேர்வு) இருந்தாலே தகுதி, யுஜிசி அளவுல ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700. ஐஐடி, என்ஐடி-ல உதவிப் பேராசிரியர் கிரேடு ஒண்ணுக்கு பிஎச்டிக்கு அப்புறம் மூணு வருஷ அனுபவம் கேட்பாங்க, அதுக்கு அடிப்படை 1,01,500. நடுவுல போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் பண்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை): வெளிநாடு போகலாம், இல்ல தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப், இன்ஸ்பயர் ஃபேக்கல்ட்டி மாதிரி வழிகள்ல இங்கேயே இருக்கலாம். போஸ்ட்டாக்ல கைடு சொன்ன வேலைய மட்டும் பண்ணிட்டு வந்துடாதீங்க, உங்களுக்குன்னு ஒரு கேள்வி தனியா வளரணும், இன்டர்வியூல தேடறதே அதைத்தான்.

என் இன்டர்வியூல நிபுணர் ஒருத்தர் கேட்டாரு: "எங்ககிட்ட பெரிய கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, இங்க வந்து என்ன ஆராய்ச்சி பண்ணுவீங்க?" நான் பையிலேர்ந்து அந்தப் பழைய கிணத்து நோட்டை எடுத்து மேசையில வெச்சேன். 40 கிணறு, தேதி, ஆழம், மழைக்கு முன்ன, மழைக்குப் பின்ன. அவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு பக்கமாத் திருப்பிப் பார்த்தாரு, "இந்த 17-ஆம் கிணத்துல மட்டும் ஏன் ரெண்டு வருஷம் அளவே இல்ல?"ன்னு கேட்டாரு. வத்திப் போச்சு சார்ன்னேன். அங்கேர்ந்து முக்கால் மணி நேரம் அந்தக் கிணத்தைப் பத்தியேதான் பேசினோம்.